துப்பறிபவன் யாரை நேசிக்கிறான்? – வாசகர் கேள்வி பதில்

ஆண்களை நேசிக்கும் ஓர் ஆணை நாயகனாக வைத்துத் தமிழில் மர்மத் தொடர்கதை எழுத முடியுமா என்று ஏற்காட்டு வாசகர் ஒருவர் சென்ற இதழில் கேட்டிருந்தார். "தாராளமாக" என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு சொல் போதவில்லை என்று சேலம் மாவட்டத்திலிருந்து மட்டுமே ஒரு கட்டுக் கடிதங்கள் வந்துவிட்டன. பாதிப் பேர் இதே போன்ற கதையைத் தாங்களும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு இன்ப அதிர்ச்சி. பெயரை வெளியிட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால், இம்முறை எல்லோருக்கும் ஊர்ப்பெயர் மட்டுமே.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: கொலுசுப் பட்டறை ஒன்றில் நடந்த வெள்ளித் திருட்டை விசாரிக்க வரும் காப்பீட்டு நிறுவன அதிகாரி என் நாயகன். அவன் தன்பாலீர்ப்பு உடையவன் என்பதைக் கடைசி அத்தியாயத்தில் வெளியிட்டு வாசகர்களைத் திடுக்கிட வைக்க நினைக்கிறேன். சரியாக வருமா?

வராது. மர்மக் கதையின் கடைசி அத்தியாயம் குற்றவாளிக்கென்று ஒதுக்கப்பட்ட இடம். அதுவரை மூடி வைத்து, அங்கே கொண்டுவந்து திறந்து காட்டும் எதையும் வாசகர் மனம் குற்றத்தின் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கும். வெள்ளியைத் திருடியவன் யார் என்பதும், நாயகன் யாரை நேசிக்கிறான் என்பதும் ஒரே தராசில் ஏறிவிடும். தாங்கள் அதை விரும்பி எழுதவில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. துப்பறிபவனுக்குத் தெரிந்த துப்பு வாசகருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இவ்வகைக் கதைகளில் நெடுநாளாக இருந்துவரும் உடன்பாடு. தன்னைப் பற்றிப் பள்ளிப் பருவத்திலேயே அறிந்த ஒன்றை இருபது அத்தியாயங்கள் நம்மிடம் சொல்லாதவன், பட்டறையில் பார்த்த இன்னும் எதை எதை மறைத்தானோ என்ற ஐயம் எழுந்துவிட்டால், அதன் பிறகு அவன் சொல்லும் தீர்வை யார் நம்புவார்?

தங்களுக்கு வழிகாட்ட வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு வரை போனால் போதும். டி. ஆர். சுந்தரம் நிறுவிய அந்த நிறுவனம் 1950-இல் 'திகம்பர சாமியார்' என்ற படத்தை எடுத்தது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவலைத் தழுவிய அப்படத்தில் எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் மாற்றிக்கொண்டு வருவார். வந்திருப்பவர் நம்பியார் என்பது தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். திரையில் இருக்கும் அயோக்கியர்களுக்கு மட்டுமே தெரியாது. கண்டுபிடித்துவிடுவார்களோ என்று அரங்கமே பதைத்ததற்குக் காரணம், பார்ப்பவருக்கு உண்மை தெரிந்திருந்ததே. தங்கள் நாயகனையும் அவ்வாறே நிறுத்துங்கள். வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியட்டும். பட்டறை முதலாளிக்குத் தெரியாது, மேலதிகாரிக்குத் தெரியாது, பெண் பார்த்திருப்பதாக ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கும் அக்காவுக்குப் பாதி தெரியும். திருட்டு நடந்த இரவில் எங்கே இருந்தாய் என்று காவல் ஆய்வாளர் அவனையே கேட்கும்போது, அவனால் உண்மையும் சொல்ல முடியாது, பொய்யும் சொல்ல வராது. அந்த ஒரு கேள்வியை வைத்தே மூன்று வாரம் தொடரை நகர்த்தலாம்.

தங்கள் நாயகனுக்குத் தொழில்முறையில் ஓர் அண்ணன் இருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹேன்சன் படைத்த டேவ் பிராண்ட்ஸ்டெட்டர், ஆயுள் காப்பீட்டுத் தொகைக்காக வரும் மரணக் கோரிக்கைகளின் உண்மைத்தன்மையை விசாரிப்பவர். முதல் நாவல் 'ஃபேட்அவுட்' 1970-இல் வெளிவந்தது. 1991 வரை பன்னிரண்டு நாவல்கள். முதல் நாவல் தொடங்கும்போதே அவர் நெடுங்காலம் உடன் வாழ்ந்த துணைவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் இருக்கிறார். அதை ஹேன்சன் மறைக்கவும் இல்லை, பறைசாற்றவும் இல்லை. மனைவியை இழந்த ஒரு துப்பறிவாளரின் துக்கத்தை எந்தக் குரலில் எழுதுவாரோ அதே குரலில் எழுதினார். நாவலுக்கு நாவல் டேவுக்கு வயது கூடிக்கொண்டே போகும். வயது ஏறாத துப்பறிவாளர்களோடு பழகிப்போன நமக்கு அதுவே ஒரு பாடம்.

ஆத்தூர் வாசகி: இத்தகைய கதையில் காதல் காட்சிகள் எந்த அளவுக்கு இருக்கலாம்?

மற்றத் துப்பறியும் கதைகளில் எந்த அளவோ அந்த அளவு. கொலைகாரன் கதவுக்கு வெளியே நிற்கும்போது யாரும் பக்கக்கணக்காகக் கொஞ்சிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மேட்டூர் வாசகர்: பழைய ஆங்கில நாவல்களிலும் படங்களிலும் இப்படி ஒரு பாத்திரம் வந்தால், ஒன்று வில்லனாக இருக்கும், இல்லையேல் பிணமாகிவிடும். நாயகர்களாக அவர்கள் வரத் தொடங்கியது எப்போது?

தங்கள் நினைவு பிசகவில்லை. ஹாலிவுட்டில் 1934 முதல் 1968 வரை நடைமுறையில் இருந்த தணிக்கை விதிகள் இவ்வுறவைத் திரையில் காட்டவே அனுமதிக்கவில்லை. பெயர் சொல்லிக் காட்ட முடியாததை நடை, குரல், வாசனைத் திரவியம் என்று குறிப்பால் காட்டினார்கள். குறிப்பெல்லாம் பெரும்பாலும் வில்லன் பங்குக்குப் போயிற்று. நாவல்களில் தண்டனையோ தற்கொலையோ கடைசிப் பக்கத்தில் காத்திருந்தது.

அந்த வழக்கத்தை முறித்தவர்களில் பட்ரீசியா ஹைஸ்மித்தை முதலில் சொல்வேன். இரண்டு பெண்களின் காதலைப் பற்றி 1952-இல் அவர் எழுதிய நாவலை கிளேர் மோர்கன் என்ற புனைபெயரில் வெளியிட வேண்டியிருந்தது. தம் சொந்தப் பெயரை அதன் அட்டையில் போட அவருக்கு 1990 ஆயிற்று. காதல் கதை என்று பலரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கோ அதன் இரண்டாம் பாதி அசல் துரத்தல் கதை. காரில் நாட்டைக் குறுக்காகக் கடக்கும் இரு பெண்களை, கணவர் ஏவிய தனியார் துப்பறிவாளர் ஒருவர் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து, அவர்கள் தங்கும் அறையில் ஒலிப்பதிவுக் கருவியை வைக்கிறார். வழக்கமாக நாம் யார் தோளில் ஏறிக்கொண்டு துப்பறிவோமோ, அந்தத் துப்பறிவாளரே அங்கே அச்சுறுத்தலாகிவிடுகிறார். இடம் மாறி நின்று பார்ப்பதில் எத்தனை புதிய கதைகள் இருக்கின்றன என்பதற்கு அது சான்று.

பிறகு 1966-இல் ஜார்ஜ் பாக்ஸ்ட், நியூயார்க் காவல்துறையின் கறுப்பினத் துப்பறிவாளர் ஒருவரைத் தன்பாலீர்ப்பு உடையவராகவே படைத்தார். எள்ளல் மிகுந்த நடை, எல்லோருக்கும் பிடிக்காது. எண்பதுகளில் கதவு அகலமாகத் திறந்தது. கேத்ரின் வி. ஃபாரஸ்ட்டின் லாஸ் ஏஞ்சலஸ் பெண் காவல் அதிகாரி 1984-இலும், மைக்கேல் நாவாவின் வழக்கறிஞர் ஹென்றி ரியோஸ் 1986-இலும் வந்தார்கள். நாவாவின் நாவல்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள் என்பேன். எய்ட்ஸ் நோய் நண்பர்களை ஒவ்வொருவராக வாரிச்சென்ற காலத்தில், கொலை ஒன்றுக்கு நீதி கேட்பதன் பொருள் என்ன என்ற கேள்வி அவற்றின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். சாகசத்தை நாடுவோர்க்கு மேரி ரெனால்ட்: அலெக்சாந்தரின் படையெடுப்பை, அவன் நேசித்த பாரசீக இளைஞன் பாகோயஸின் வாய்வழியாகவே சொல்லும் நாவலை அவர் 1972-இல் வெளியிட்டார். யானைப்படையும் பாலைவனப் பயணமும் அதில் உண்டு. நம் சரித்திரத் தொடர்கதை வாசகர்களுக்கு ஒரே மூச்சில் இறங்கும்.

ஓமலூர் வாசகர்: என் கதையில் ஒருவன் நாயகனின் கடிதங்களைக் கைப்பற்றிப் பணம் கேட்டு மிரட்டுகிறான். இக்காலத்தில் இது செல்லுபடியாகுமா?

கதை நடக்கும் ஆண்டைத் தாங்கள் எழுதவில்லை. பதில் முழுவதும் அதில்தான் இருக்கிறது. 1860-இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, இத்தகைய உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தந்தது. 2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் இருவர் மனம் ஒப்பித் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாகாது என்றது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்பிரிவு இவ்வுறவுக்குப் பொருந்தாது என்று தீர்த்தது.

ஆகவே, கதை 1995-இல் நடந்தால் மிரட்டுபவன் கையில் சட்டமும் இருக்கிறது, ஊர்வாயும் இருக்கிறது. நாயகன் காவல் நிலையத்துக்குப் போனால் குற்றவாளிக் கூண்டில் தானே நிற்க நேரும். 2019-இல் நடந்தால் சட்டம் நாயகன் பக்கம் வந்துவிட்டது. மிரட்டுபவனிடம் மிஞ்சியிருப்பது அம்மாவின் முகம், தங்கையின் கல்யாணம், வீட்டுச் சொந்தக்காரர் ஆகிய மூன்று மட்டுமே. அவை சிறியவை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு மிகவும் ஆசையூட்டுவது இடைப்பட்ட காலம். தில்லித் தீர்ப்பை நம்பி 2010-இல் ஒருவர் தம் துணைவருக்கு ஒளிவுமறைவின்றி, முழுப் பெயருடன், சேலம் முகவரியுடன் கடிதம் எழுதுகிறார். 2013-இல் ஒரு புதன்கிழமைக் காலையில் அவர் மறுபடியும் குற்றவாளியாகிறார். 2014-இல் அந்தக் கடிதம் வேறொருவன் கைக்குப் போகிறது. எழுதியபோது ஆபத்தில்லாத தாள், பெட்டிக்குள் கிடந்தபடியே ஆயுதமாகிவிட்டது. இத்தகைய கதைமுடிச்சு வேறெந்த நாட்டு எழுத்தாளருக்கும் எளிதில் வாய்க்காது.

காவல்துறை வரும் காட்சிகளுக்கு ஒரு குறிப்பு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்ட இரு பெண்களைக் காணவில்லை என்று அவர்களின் பெற்றோர் அளித்த புகார்களிலிருந்து எழுந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று ஆணை பிறப்பித்தார். காணாமல் போனதாகத் தேடப்படுபவர்கள் வயதுவந்தவர்கள், மனம் ஒப்பியே சேர்ந்து வாழ்கிறார்கள் என்று விசாரணையில் தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும். அவர்களைத் துன்புறுத்தக் கூடாது. 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலும் இத்தகைய துன்புறுத்தலுக்குத் தடை சேர்க்கப்பட்டது. தங்கள் கதையின் உதவி ஆய்வாளர் இந்த விதியை அறிந்தவரா, அறிந்தும் அறியாதவர்போல் நடிப்பவரா என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஏற்காடு வாசகர்: சென்ற இதழில் கேட்டவன் நானே. இருவர் துரத்தப்பட்டு மலையேறி வருகிறார்கள். எங்கே ஒளிந்துகொள்வார்கள்?

மலையில் இருப்பவர் மலையடிவாரத்தில் இருப்பவனிடம் கேட்கிறீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. பின்னால் வரும் வண்டியின் விளக்கு எத்தனை வளைவுக்குக் கீழே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே ஏறலாம். எண்ணிக்கை குறையக் குறைய வாசகருக்கு வியர்க்கும். குப்பனூர் வழியாக இறங்கும் மறுபாதை இருப்பதைத் துரத்துபவன் அறிந்திருக்கிறானா என்பது தங்கள் விருப்பம்.

தடயங்களையும் மலையிடமே வாங்கிக்கொள்ளுங்கள். கோடை மழை பெய்த சில நாட்களில் காப்பிச் செடிகள் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகைபோல் மணந்து, சில நாட்களிலேயே வாடிவிடும். சட்டைப்பையில் காப்பிப் பூவிதழ் ஒன்று கிடைத்தால், அந்தச் சட்டைக்காரன் எந்த வாரத்தில் தோட்டத்துக்குள் இருந்தான் என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தம் மழைக்கணக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார். அடிவாரத்து வெள்ளைக்கல் சுரங்க மண் செருப்பில் ஒட்டியிருந்தால், அவன் நேர்ச்சாலையில் வரவில்லை என்பது விளங்கும். நவம்பரில் பழம் பறிப்புத் தொடங்கிவிட்டால் தோட்டமெங்கும் ஆட்கள் இருப்பார்கள். ஒளிய நினைப்பவர்கள் அம்மாதங்களைத் தவிர்க்கட்டும். சேர்வராயன் கோயில் குகையின் உட்புறம் காவிரி வரை போவதாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதன் வழியாக நாயகர்களைத் தப்பிக்க வைத்துவிடாதீர்கள். ஆனால் துரத்துபவன் அதை நம்பி மணிக்கணக்கில் காத்திருப்பதாக எழுதலாம். மற்றொன்று: மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரை வழிகாட்டியாகவோ மந்திரவாதியாகவோ மட்டும் கொண்டுவரும் பழக்கம் நம் மர்ம எழுத்தாளர்களுக்கு உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று தம் வரலாற்றைச் சொல்லிக்கொள்ளும் அம்மக்கள் தமிழ் பேசுபவர்கள். கிராமப் பள்ளி ஆசிரியராகவோ, மிளகு வியாபாரியாகவோ, ஏன், தங்கள் நாயகர்களில் ஒருவராகவோ அவர்களில் ஒருவர் வரலாம்.

ஒளிவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஓர் ஆணும் பெண்ணும் ஏற்காட்டில் அறை கேட்டால் என்ன உறவு என்று விசாரிக்கும் விடுதிகள் உண்டு. இரண்டு ஆண்கள் கேட்டால் சாவியைக் கொடுத்துவிட்டுக் காலையில் டிபன் எத்தனை மணிக்கு வேண்டும் என்று கேட்பார்கள். ஏரிக்கரையில் இரண்டு ஆண்கள் தோளில் கைபோட்டு நடந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தங்கள் நாயகர்கள் எல்லோர் கண்ணெதிரிலும் ஒளிந்திருக்கிறார்கள். அதனால், அவர்களை உள்ளபடி பார்த்துவிடும் முதல் ஆள் யார் என்பதில்தான் திகில் இருக்கிறது. அவர் பகைவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டிபன் கொண்டுவரும் பையன் ஒரு கணம் கூடுதலாக நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காப்பியை வைத்துவிட்டுப் போகட்டும். அவன் யாரிடம் என்ன சொல்வான் என்று அடுத்த அத்தியாயம் வரை நாங்கள் தவிக்கிறோம்.

சங்ககிரி வாசகி: எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதினால் தோழர்கள் கோபிக்கிறார்கள்.

கோபம் நியாயமானது. அச்சொல் ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் படுக்கையறைச் செயலாகச் சுருக்கிவிடுகிறது. 'தன்பாலீர்ப்பு' ஈர்ப்பைச் சொல்கிறது. உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலுக்குப் பின் தமிழக அரசு 2022-இல் அரசிதழில் ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. கதைசொல்லியின் நடையில் தன்பாலீர்ப்பு என்றே எழுதுங்கள். உரையாடலில் மட்டும் அரசிதழைப் பேசவிடாதீர்கள். சேலம் நகரின் குகைப் பகுதித் தேநீர்க்கடையில் நிற்பவர் 'அந்த மாதிரி ஆளுங்க' என்பார், கல்லூரி மாணவர் 'கே' என்பார், நாயகன் தன்னைப் பற்றி எந்தச் சொல்லையும் சொல்லாமல் பேச்சை மாற்றுவான். மூன்றும் மூன்று மனிதர்களைக் காட்டிவிடும். திருநங்கையர் வேறு, தன்பாலீர்ப்பு உடைய ஆண்கள் வேறு என்பதையும் தங்கள் கதையில் யாராவது குழப்பிக்கொள்ளலாம். தாங்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அம்மாபேட்டை வாசகி: கல்லூரியில் படிக்கும் என் மகன் இத்தகைய நாவல்களையே தேடித் தேடிப் படிக்கிறான். அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாமா?

வேண்டாம், அம்மா. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே இதை நோய்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஈர்ப்பை மாற்றித் தருவதாகச் சொல்லிச் சிகிச்சை அளிப்பது மருத்துவரின் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது. மகன் ஏன் படிக்கிறான் என்பது அவனுக்குத் தெரியும்; சொல்லத் தோன்றும்போது சொல்வான், அல்லது வெறும் கதைப்பித்தாகவே இருந்துவிடுவான். தாங்களே பல ஆண்டுகளாக வாராவாரம் கொலைக் கதை படிப்பவர் என்று கடிதத்தின் பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்கள். அவன் முடித்த புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கொலைகாரனைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டால் அவனிடம் சொல்லிப் பெருமை பேசுங்கள். பேச ஆரம்பிக்க அது நல்ல இடம்.

அஸ்தம்பட்டி வாசகர்: என் கதையில் நாயகனின் துணைவர் முதல் அத்தியாயத்திலேயே கொலையாகிறார். நாயகனைப் பழிவாங்கப் புறப்பட வைப்பதற்காகக் காதலியைக் கொல்லும் பழைய உத்தியே இது என்று என் தோழி சொல்கிறாள். மாற்றிவிடட்டுமா?

தோழி சொல்வது உண்மை. தன்பாலீர்ப்பு உடையவர்களைக் கொன்றே கதையை நகர்த்தும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதை மேட்டூர் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அந்த மரணத்தை எடுத்துவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. இறந்தவரை வெறும் காரணமாக விட்டுவிட்டதே குறை. அனுப்பிய பக்கங்களில் அவர் பேசும் வரி ஒன்றுகூட இல்லை. அவர் என்ன வேலை செய்தார், மாம்பழக் காலத்தில் மல்கோவா வாங்குவாரா சேலம் பெங்களூரா வாங்குவாரா, எதற்காக இருவரும் சண்டையிட்டுக்கொள்வார்கள் என்பதெல்லாம் வந்தாக வேண்டும். விசாரணை முன்னே போகப் போக அவரும் பின்னோக்கி வளர்ந்துகொண்டே இருக்கட்டும்.

மற்றொன்றையும் கவனியுங்கள். தாங்கள் நாயகனை உடனே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொலைகாரனைத் துரத்த அனுப்பிவிட்டீர்கள். அதற்கு முன் அவன் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் நிற்க வேண்டும். உடலைக் கையெழுத்திட்டு வாங்க இரத்த உறவினர் வருவார்கள். தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று கூறிவிட்டபடியால், பதினோரு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவன் அந்தப் படிவத்தில் 'நண்பர்'. இறந்தவரின் கைப்பேசிக் கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும். கடைசி வாரம் அவருக்கு வந்த மிரட்டல் அழைப்பைப் பற்றியும் அவனுக்குத்தான் தெரியும். ஊரிலிருந்து வந்த அண்ணனோ, "நீங்க யாருங்க தம்பி, கூட வேலை பார்த்தவரா?" என்று கேட்கிறார். விசாரணை அதிகாரி குறிப்பேட்டைத் திறந்து அண்ணனிடம் பேசிக்கொண்டிருக்கிறார். துப்பு முழுவதும் மூன்றடி தள்ளி, சுவரோரமாக நிற்கிறது. கதையை அங்கிருந்து தொடங்கி முதல் அத்தியாயத்தைத் திருத்தி எழுதி அனுப்புங்கள். மோட்டார் சைக்கிள் மூன்றாம் அத்தியாயம் வரை காத்திருக்கும்.